சோடாக் கலனுக்கான வாயுக் குழாயும் பானக் குழாயும்

சோடாக் கலன் என்பது துருப்பிடிக்காத எஃகுக் கலத்தில் பானத்தை நிரப்பி, கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தால் அதைக் குழாய் வழியே குவளைக்குக் கொண்டுவரும் அமைப்பாகும். மேலைநாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்போர் பயன்படுத்தும் 19 லிட்டர் கலன்கள் முதலில் குளிர்பான நிறுவனங்களுக்காகவே செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். எனவே இங்கு இக்கலனுக்கு உரிய வேலை சோடா, இஞ்சி சோடா, நன்னாரி சோடா ஆகியவைதான்.

இவ்வமைப்பில் இரு குழாய்கள் உள்ளன. சிலிண்டரின் ரெகுலேட்டரிலிருந்து கலனுக்குச் செல்வது வாயுக் குழாய். கலனிலிருந்து திறப்பானுக்குச் செல்வது பானக் குழாய். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது.

வாயுக் குழாய்

சோடாவுக்கு ஏறத்தாழ 2 பார் அழுத்தம் தேவை. வீட்டுச் சமையல் எரிவாயு அடுப்புக்கு வருவதோ 0.03 பார் அளவே. அதாவது சோடாவின் அழுத்தம் அறுபது மடங்குக்கும் மேல். கடையில் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக ஆரஞ்சு நிற அடுப்புக் குழாயை மாட்டுவோர் உண்டு. ஒரு பெட்டிக்கடையில் அப்படி மாட்டிய சோடாவைக் குடித்துப் பார்த்தேன். ரப்பர் வாடைதான் முதலில் வந்தது. மீன்தொட்டிக்குக் காற்று செலுத்தும் மெல்லிய டியூபும் இவ்வழுத்தத்துக்கு ஏற்றதன்று. 8 மி.மீ. உள்விட்டம் கொண்ட, தடித்த சுவருள்ள, தாங்கும் அழுத்தம் மேலே அச்சிடப்பட்ட குழாயையே வாங்க வேண்டும்.

சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் இதனினும் பன்மடங்கு அதிகம். 20 பாகை செல்சியசில் அது சுமார் 57 பார். 31 பாகைக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்க இயலாது. நிரம்பிய சிலிண்டரின் அழுத்தம் வெப்பத்துடன் விரைந்து ஏறும். பழவேற்காட்டுக் கோடையில் நிழலிலேயே 31 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே சிலிண்டரை வெயிலில் வைக்கக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் எந்தக் குழாயையும் இணைக்கவும் கூடாது.

பானக் குழாய்

இதற்கு உள்விட்டம் சிறியதாக, 4.8 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். குறுகிய நீண்ட குழாயில் உராய்வால் அழுத்தம் படிப்படியாகக் குறைந்து பானம் அமைதியாக வெளிவரும். குழாய் குட்டையாக இருந்தால் 2 பார் அழுத்தமும் திறப்பானில் ஒரே கணத்தில் விடுபடும். குவளையில் நுரைதான் நிற்கும், பானத்தில் வாயு இராது. உள்விட்டம் பாதியானால் தடை 16 மடங்கோ அதற்கு மேலோ கூடுகிறது என்பதால் அளவில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். 0.8 பாரில் வழங்கும் பீருக்கு 3 மீட்டர் போதும். சோடாவுக்கு 6 முதல் 9 மீட்டர் வரை தேவைப்படும். நீளமாக வாங்கிச் சுருட்டி வைத்து, பிறகு தேவைக்கேற்ப வெட்டிக் குறைப்பதே நல்லது. வெட்டியதை ஒட்ட முடியாது.

குழாயைக் குளிரிலேயே வைக்க வேண்டும். 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் 0 பாகையில் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைக்கும். 30 பாகையில் 0.7 லிட்டருக்கும் குறைவே. மீனவ ஊர்களில் மீனுக்காக உடைத்த ஐஸ் கிடைக்கிறது. மீன் வைக்காத தனி ஐஸ் பெட்டியில் கலனையும் சுருட்டிய குழாயையும் சேர்த்தே வைக்கலாம்.

பொருளைப் பொறுத்தவரை உணவுத் தர முத்திரை கட்டாயம். மலிவான பிவிசி குழாய் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும்; நன்னாரி ஓடிய குழாயில் வெறும் சோடாவை விட்டாலும் நன்னாரியே மணக்கும். பாலிஎத்திலீன் உட்சுவர் கொண்டவை இதில் மேலானவை, ஆனால் விறைப்பானவை. அவற்றுக்கு அழுத்திச் செருகும் இணைப்புகள் வேண்டும்.

செம்பும் பித்தளையும்

செம்புக் குழாயும் பித்தளை இணைப்பும் பானம் படும் இடத்தில் இருக்கவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரையும்போது கார்போனிக் அமிலம் உண்டாகிறது. அது செம்பைக் கரைத்துப் பானத்தில் சேர்க்கும். குடித்தவருக்குக் குமட்டலும் வாந்தியும் ஏற்படும். ரெகுலேட்டர் பித்தளையில் இருப்பது வழக்கம். அதில் வாயு மட்டும் படுவதால் தவறில்லை. ஆனால் அழுத்தம் குறையும்போது பானம் வாயுக் குழாயில் பின்னோக்கி ஏறக்கூடும். எனவே ஒருவழி வால்வு அவசியம்.

பொருத்துதல்

உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கிளிப் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் வேண்டும். மாட்டியபின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு உண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு மணமில்லை, காற்றைவிடக் கனமானது, தாழ்வான மூடிய அறையில் தேங்கி மூச்சை அடைக்கும். சிலிண்டரைச் சன்னல் இல்லாத உள்ளறையில் வைக்காமல் திறந்த தாழ்வாரத்தின் நிழலில், கயிறோ சங்கிலியோ கட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும்.