கல்மாவைத் தூக்கிப் பிடிக்கும் குமிழ்கள்

செஞ்சி, சீயமங்கலம் பக்கத்து ஏரிகளில் ஓடை நுழையுமிடத்தில் பருமணல் தங்கும். வண்டல் உள்ளே தள்ளிப்போய்ப் படியும். கனமானது முதலில் இறங்கும். ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் அப்படி எதுவும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே தொட்டி கட்டியிருக்கிறார்கள்.

அங்கே யுரேனியத் தாதுவை மாவாக அரைத்து, கந்தக அமிலம் சேர்த்த கூழாக்கி, உயரமான 'பச்சூகா' தொட்டிகளில் விடுகிறார்கள். பெயர் மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்க ஊருடையது. கலக்கத் துடுப்பு கிடையாது, அழுத்தக் காற்றுதான். குமிழ்கள் கூழை இழுத்துக்கொண்டு நடுவில் ஏறும், கூழ் சுவரோரம் திரும்பி இறங்கும். அடி கூம்பாக இருப்பதால், படியப் பார்க்கும் மணலும் சரிந்து காற்றின் வாயிலேயே விழும். எளிய தந்திரம்; எனக்குப் பிடித்ததும் இதுதான்.

மேலே எவ்வளவு துகள், கீழே எவ்வளவு? 1972இல் ஜப்பானில் கட்டோ குழுவினர் போன்றோர் வளர்த்தெடுத்த கணக்கு இரண்டே எண்களைக் கேட்கிறது: துகள் இறங்கும் வேகம், கூழ் கலங்கும் அளவு. கலங்கலை வேகத்தால் வகுத்தால் ஓர் உயரம் கிடைக்கும். அவ்வளவு ஏறினால் துகளின் செறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும்.

50 மைக்ரான் கல்துகள் நீரில் நொடிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கும். துகள் இரு மடங்கு பருத்தால் வேகம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 10 சென்டிமீட்டர் அகலக் குழாயில், நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்ற மிதமான காற்றோட்டத்துக்கு, அந்த உயரம் ஏறக்குறைய 6 மீட்டர். அதே காற்றோட்டத்தில் 2 மீட்டர் அகலத் தொட்டிக்கோ சுமார் 300 மீட்டர்! தொட்டி அகன்றால் சுழல்கள் பெரிதாகின்றன, கலங்கல் எகிறுகிறது. ஆய்வகக் குழாயில் அடிப்பக்கம் சற்று அடர்ந்திருக்கும் மாவு, ஆலையில் மேலும் கீழும் ஒன்றுபோல் மிதக்கும். சின்னக் குழாயை மட்டும் நம்பிய பொறியாளர் தேவையில்லாமல் காற்றுக்குச் செலவழிப்பார்.

ஆனால் இந்தக் கணக்குக்குச் சுவரும் மூலையும் தெரியாது. பச்சூகாவில் துகள் மிதப்பதை ஐ.ஐ.டி. கான்பூரில் ராஜீவ் சேகர், மெஹ்ரோத்ரா ஆகியோர் தனியாகவே ஆராய வேண்டியிருந்தது.

எரிவாயுவை டீசலாக்கும் கத்தாரின் ஓரிக்ஸ் ஆலையிலும் இதே குமிழ்த் தொட்டிதான். கல்மாவுக்குப் பதில் வினையூக்கித் தூள், நீருக்குப் பதில் உருகிய மெழுகு. 2007இல் அங்கே வந்த சிக்கல் படிவு அல்ல. எதிர்பார்த்ததைவிட அதிகமான நுண்தூள் விளைபொருளோடு சேர்ந்து வந்தது, உற்பத்தி தடைப்பட்டது. தூள் நைந்தால் நன்றாக மிதக்கும், வடிகட்டியில்தான் சிக்காது.