உங்களுக்குத் தெரியுமா? கைவிட்ட கேமும் ரசிகர் எடுக்கும் அடுத்த பாகமும்

சின்ன வயதில் விளையாடிய கேம். கதை பாதியில் நிற்கிறது, கம்பெனியோ அதை மறந்தே போய்விட்டது. 'நாமே அடுத்த பாகத்தை எடுத்தால் என்ன?' என்று உலகெங்கும் ரசிகர் குழுக்கள் கிளம்பியிருக்கின்றன. சில ஜெயித்தன. பல குழுக்களின் பல வருட உழைப்பு ஒரே ஒரு வக்கீல் நோட்டீஸோடு முடிந்துபோனது. அதில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

● 2079 வரை சொந்தம்

கடையிலிருந்து கேம் மறைந்தாலும் பதிப்புரிமை மறையாது. அமெரிக்காவில், ஊழியர்களை வைத்து நிறுவனம் உருவாக்கிய படைப்புக்கு, வெளியான ஆண்டிலிருந்து பொதுவாக 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1984-ல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' முதல் பாகத்தின் உரிமை 2079 முடியும்வரை செல்லும். ரசிகர்கள் 'அபாண்டன்வேர்' (கைவிடப்பட்ட மென்பொருள்) என்று சொல்கிற வகை எதுவும் சட்டத்தில் கிடையாது.

● நூற்றுக்கு 87

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று 2023-ல் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' ஆய்வு சொன்னது. உரிமை உயிரோடு இருக்கிறது, கேம் மட்டும் கிடைக்கவில்லை. ரசிகர்களின் ஆதங்கம் நியாயமானது என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

● ஃபைலில் ஒரு படம்கூட இல்லை, ஆனாலும் தோல்வி

'டியூக் நியூக்கெம் 3டி' கேமுக்கு ரசிகர்கள் உருவாக்கிய 300 லெவல்களைத் தொகுத்து மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் சிடியாக விற்றது. அந்த ஃபைல்களில் அசல் கேமின் படம் எதுவும் இல்லை. எதை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருந்தன. அப்படியிருந்தும் 1998-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இவை டியூக்கின் சாகசங்களைத் தொடர்ந்து சொல்லும் அடுத்த பாகங்கள்தான், அந்த உரிமை அசல் கேமின் உரிமையாளருக்கே என்று தீர்ப்பளித்தது.

● இலவசமாகக் கொடுத்தால் தப்பிக்கலாமா?

முடியாது. 'நியாயமான பயன்பாடு' என்ற வாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் நான்கு விஷயங்களைப் பார்க்கும்: எதற்காகப் பயன்படுத்தினீர்கள், மூலப் படைப்பு எப்படிப்பட்டது, அதிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தைக்கு என்ன பாதிப்பு. காசு வாங்காதது முதல் கேள்விக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். மற்ற மூன்றும் அப்படியே நிற்கும்.

● இரண்டு முறை நிறுத்தப்பட்டு, இரண்டு முறை எழுந்தது

'கிங்ஸ் குவெஸ்ட்' தொடரின் எட்டாம் பாகம் 1998-ல் வந்தது. அதன்பின் பல வருடம் சத்தமே இல்லை. ரசிகர் குழு ஒன்று அடுத்த பாகத்தைத் தொடங்கி வருடக்கணக்கில் உழைத்தது. 2005-ல், அப்போது உரிமை வைத்திருந்த விவேண்டி நிறுவனம் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. ரசிகர்கள் திரண்டு கடிதம் எழுதினார்கள். நிறுவனம் இறங்கிவந்து, வியாபாரம் செய்யக் கூடாது, 'கிங்ஸ் குவெஸ்ட்' என்ற பெயரைத் தலைப்பில் வைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. கேமின் பெயர் 'தி சில்வர் லைனிங்' என்று மாறியது.

கதை அதோடு முடியவில்லை. விவேண்டியின் கேம் பிரிவு 2008-ல் ஆக்டிவிஷனோடு இணைந்தது. புதிய உரிமையாளர் 2010 பிப்ரவரியில் மறுபடியும் நிறுத்தச் சொன்னார். ரசிகர்கள் மறுபடியும் திரண்டார்கள். சில மாதங்களில் ஆக்டிவிஷனும் அனுமதி தந்தது. ஜூலையில் முதல் அத்தியாயம் இலவசமாக வெளியானது. கம்பெனி கைமாறினால் பழைய அனுமதியும் ஆட்டம் காணலாம். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். உரிமை வேறு கைக்குப் போனாலும் அது செல்லும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

● கரை தெரிந்தபோது கவிழ்ந்தது

1995-ல் வந்த 'குரோனோ டிரிக்கர்' கேமின் கதையைத் தொடர்ந்து ரசிகர்கள் உருவாக்கிய 'கிரிம்சன் எக்கோஸ்' கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வெளியீட்டுக்குச் சற்று முன், 2009 மே மாதம், ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் நோட்டீஸ் வந்தது. குழு வேலையை நிறுத்தியது. வருடக்கணக்கான உழைப்பை இழந்த அந்த இளைஞர்களுக்காக மனம் வருந்துகிறது. அனுமதி கேட்க வேண்டியது முதல் மாதத்தில், கடைசி மாதத்தில் அல்ல.

● கதை ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு

'ஸ்டார் கன்ட்ரோல் 2' கேமை உருவாக்கிய பால் ரீஷ், ஃபிரெட் ஃபோர்டு இருவரும் 2002-ல் அதன் மூலநிரலை ரசிகர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் 'ஸ்டார் கன்ட்ரோல்' என்ற வணிகச் சின்னம் அவர்களிடம் இல்லை. அதனால் ரசிகர்களின் இலவசப் பதிப்பு 'தி அர்-குவான் மாஸ்டர்ஸ்' என்ற பெயரில் வந்தது. அந்தச் சின்னத்தை 2013-ல் அட்டாரியிடமிருந்து ஸ்டார்டாக் நிறுவனம் வாங்கியது. பிறகு படைப்பாளிகளுக்கும் ஸ்டார்டாக்குக்கும் வழக்கு மூண்டு, 2019-ல்தான் சமரசம் ஆனது. அனுமதி கேட்கும்போது கதை, பெயர் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

● பயன்படுத்தாத பெயர் நழுவும்

வணிகச் சின்னத்தை அமெரிக்காவில் தொடர்ந்து மூன்றாண்டு பயன்படுத்தாவிட்டால், அதைக் கைவிட்டதாகவே முதல் பார்வையில் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் ஐந்து ஆண்டும் மூன்று மாதமும் பயன்படுத்தாத சின்னத்தை நீக்கக் கோரலாம். பதிப்புரிமை இப்படி நழுவாது. பெயர் காலியானால் கதையும் காலி என்று நினைத்துவிட வேண்டாம்.

● காப்பீட்டு நிறுவனத்தின் கையில் ஒரு கேம்

'சிஸ்டம் ஷாக் 2' உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் 2000-ல் மூடப்பட்டது. உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்து ஸ்டீஃபன் கிக் நேரடியாகக் கேட்டார். 2013-ல் கேம் மறுபடி விற்பனைக்கு வந்தது. அவர் தொடங்கிய நைட்டைவ் ஸ்டூடியோஸ் 2023-ல் முதல் 'சிஸ்டம் ஷாக்' கேமையே புதிதாக எடுத்து வெளியிட்டது.

● தேடியும் கிடைக்காத கதவு

அதே நைட்டைவ், 2000-ல் வந்த 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' கேமுக்கும் முயன்றது. உரிமை வார்னர் பிரதர்ஸ், ஆக்டிவிஷன், ஃபாக்ஸ் என்று சிக்கிக் கிடந்தது. முயற்சி கைகூடவில்லை. இப்படிப்பட்ட கேம்களுக்காவது, முறையாகத் தேடியபின் கட்டணம் கட்டி அனுமதி பெறும் வழியைச் சட்டம் தர வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவில் அதற்கு ஒரு சாயல் உண்டு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பை வெளியிடவும் மொழிபெயர்க்கவும் உரிமம் கோரலாம். அடுத்த பாகம் எடுக்க அது உதவாது.

● ராக்கி 4 சொன்ன பாடம்

'ராக்கி' படத்தின் நான்காம் பாகத்துக்கு டிமோதி ஆண்டர்சன் என்ற எழுத்தாளர் அனுமதியில்லாமல் கதைச்சுருக்கம் எழுதினார். படம் வந்ததும், தன் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்குப் போட்டார். அனுமதியின்றி எழுதிய தொடர்ச்சிக்குப் பதிப்புரிமையே கிடையாது என்று 1989-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசிகர் எடுக்கும் கேமும் அதே நிலையில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய கதையை வேறொருவர் எடுத்துக்கொண்டாலும் தடுப்பது கடினம்.

● பாட்டுக்குத் தனி உரிமை

'ஆலன் வேக்' கேம் 2017-ல் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதில் வரும் பாடல்களின் உரிமக் காலம் முடிந்ததே காரணம். புதுப்பித்த பிறகு 2018-ல் திரும்பியது. கேமின் சொந்தக்காரருக்கே இந்த நிலை என்றால், பழைய கேமின் இசையை எடுத்து ஒட்டும் ரசிகர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

● கதவைத் திறந்த கம்பெனிகளும் உண்டு

சிங்கப்பூர் ரசிகர் ஒருவர் உருவாக்கிய 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகா மேன்' கேமை 2012 டிசம்பரில் கேப்காம் நிறுவனமே இலவசமாக வெளியிட்டது. 'ஹாஃப்-லைஃப்' கேமை ரசிகர்கள் புதிதாக எடுத்த 'பிளாக் மெசா'வை விற்கவே வால்வ் நிறுவனம் அனுமதித்தது. 2017-ல் வந்த 'சோனிக் மேனியா'வை உருவாக்க ரசிகர் உலகிலிருந்து வந்தவர்களையே செகா அழைத்தது. ரசிகரை நம்பிய இந்த நிறுவனங்களுக்கு நல்ல பெயரும் நல்ல கேமும் கிடைத்தன. மற்ற நிறுவனங்களும் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

● பெயர் கிடைக்காததால் பிறந்த 'ஃபால்அவுட்'

1988-ல் வந்த 'வேஸ்ட்லேண்ட்' கேமை உருவாக்கியது இன்டர்ப்ளே. பெயரின் உரிமையோ, வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது. அடுத்த பாகத்துக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அணுப்போருக்குப் பிந்தைய உலகம் என்ற கருவை மட்டும் வைத்துக்கொண்டு புதிய பெயர், புதிய மனிதர்கள், புதிய கதை என்று எடுத்தார்கள். 1997-ல் வந்த 'ஃபால்அவுட்' அதுதான். கருவுக்கும் விளையாட்டு விதிகளுக்கும் பதிப்புரிமை கிடையாது. பாத்திரம், வசனம், ஓவியம், இசை, நிரல் ஆகியவற்றுக்கு உண்டு. முதலில் அனுமதி கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் கதையைக் கைவிடாதீர்கள், அதற்குச் சொந்தமாக ஓர் உலகம் கட்டுங்கள். அந்த உலகத்தை நிறுத்தச் சொல்லி யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.