காலி கிரைண்டர் ஓடும் சத்தம்

துரைசாமி சுரங்கப்பாதை மட்டும் இல்லையென்றால் அந்தச் சத்தம் இன்னும் பல நாள் என் காதில் விழுந்திருக்காது. தி.நகர் மண்டபம் ஒன்றில் கல்யாணம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மேற்கு மாம்பலம் திரும்பிக்கொண்டிருந்தோம். சரிவில் இறங்கும்போது டிரைவர் தம்பி பிரேக்கை மிதித்தார். தெரு இரைச்சலிலும் அண்டாக்கள் இடிபடும் ஓசையிலும் அதுவரை அமுங்கிக் கிடந்தது, இருபக்கச் சுவரிலும் மோதி எங்களிடமே திரும்பி வந்தது. மாவு இல்லாமல் கிரைண்டரை ஓடவிட்டால் கல்லோடு கல் உரசுமே, அந்தக் கரகரப்பு.

"மழைத் தண்ணியில நின்னுச்சில்லக்கா, துரு புடிச்சிருக்கும். ஓட ஓடப் போயிடும்" என்றார் தம்பி.

அவர் சொன்னது பொய்யில்லை. ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒரு ராத்திரி ஈரம் போதும், அதன் மேல் செம்மண் நிறத்தில் துரு படரும். காலையில் நாலைந்து முறை பிரேக் பிடித்தால் பேட் அதைத் துடைத்துவிடும், சத்தமும் அடங்கிவிடும். ஆனால் கார்த்திகை முகூர்த்தங்களுக்காக வண்டி ஒரு வாரமாக ஓய்வில்லாமல் ஓடியிருந்தது. துருவாக இருந்தால் முதல் நாளே போயிருக்க வேண்டும்.

எங்களுடையது டாடா ஏஸ். 2005-இல் வந்த வண்டி, தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அது குட்டி யானைதான். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். முன்னால் சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கிறது. பின்னால் டிரம்முக்குள் இருக்கும் ஷூ விரிந்து அழுத்துகிறது. எங்கே உரசினாலும் ஓட்டம் சூடாக மாறித்தான் வண்டி நிற்கிறது. வண்டியும் சரக்குமாக ஒன்றரை டன் என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஒரே ஒரு முறை நிறுத்தினால் பிறக்கும் சூடு, சுமார் 300 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஆர்ய கவுடா ரோட்டில் சாயங்காலக் கூட்டத்தில் எத்தனை முறை நிறுத்துகிறோம்! அத்தனையையும் தாங்குவது பேட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள லைனிங். கிரைண்டரில் மாவு இருக்கிற இடம் அது. அது தீர்ந்தால் அடியில் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொடும்.

மறுநாள் காலை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி நான் நடைபாதையில் கூடவே நடந்தேன். கழற்றுவதற்கு முன்னால் காது பாதி வேலையைச் செய்துவிடும். பிரேக்கைத் தொடாதபோதும் சக்கரத்தோடு சேர்ந்து 'கிரிச் கிரிச்' என்று வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகரத்துக்கும் நடுவே பொடிக்கல் சிக்கியிருக்கலாம். வேகம் கூடக்கூட ஊளையிட்டு, வளைவில் ஏறி இறங்கி, பிரேக் பிடித்தாலும் மாறாமல் இருந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் மெல்லிய கீச்சொலி என்றால் பேட் தேய்ந்துவருகிறது என்று பொருள். பல பேட்களில் இதற்கென்றே ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். மிதிக்கும்போது கரகரப்பு வந்து, காலிலும் அதிர்வு தெரிந்தால் அந்த வண்டியில் சவாரி போகவே கூடாது. எங்களுடையது அந்த ரகம். இடது முன்சக்கரம்.

சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள். வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். உள்ளே படிந்திருக்கும் கரித்தூளை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது, நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

வெளிப்பக்க பேட்டில் நாலு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் மலர்ந்தது. உள்பக்கம் டார்ச் அடித்தேன். அங்கே லைனிங்கே இல்லை. காலிப்பர் நகர வேண்டிய பின், சேறும் துருவும் பிடித்து இறுகியிருந்தது. அதனால் ஒரு பேட் மட்டும் தேய்ந்தே தீர்ந்துவிட்டது. வெளியிலிருந்து மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டிஸ்க்கின் உள்முகத்தில் வட்ட வட்டமாகப் பள்ளம், நகம் மாட்டி நின்றது.

அதற்கு மேல் நான் கை வைக்கவில்லை. தெரிந்த மெக்கானிக்கை வீட்டு வாசலுக்கே வரவழைத்தேன். பேட் மாற்றத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் முதல் தடவை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். டிரம், பிரேக் குழாய், ஏர் எடுப்பது எல்லாம் பழகிய கைக்கே உரியவை.

"போன மாசமே சொல்லியிருந்தா பேட்டோட போயிருக்கும்மா" என்றார் அவர். இப்போது டிஸ்க்கும் போயிற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும் என்பதால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து வாங்கினோம்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பெயரில்லாப் பெட்டியில் மலிவான பேட்டும் கிடைக்கும். எனக்கு அதில் சம்மதமே இல்லை. பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-இல் பிறந்த ரானே பிரேக் லைனிங் என்று இந்தத் தொழில் வேர்விட்ட ஊர் இது. பெயர் போட்ட சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எதற்கு அந்தப் பெட்டி?

இன்னொன்றையும் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்கிறோமே தவிர, அது எஞ்சின் ஆயில் மாதிரி எண்ணெய் இல்லை. அளவு குறைந்திருக்கிறதே என்று யாரோ எஞ்சின் ஆயிலை ஊற்ற, மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் எல்லாம் உப்பிப்போன ஒரு வண்டியை அவர் பார்த்திருக்கிறார். அளவு குறைவதற்கே பல சமயம் காரணம் பேட் தேய்வதுதான். மூடியைத் திறப்பதற்கு முன் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னார்.

புது பேட் போட்டதும் வண்டியை எடுக்காமல், பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கினார். இல்லையென்றால் முதல் மிதி தரைவரை போய்விடுமாம், வண்டி நிற்காது. இரவு பத்தரைக்கு மேல் வெறிச்சோடியிருந்த லேக் வியூ ரோட்டில் நிதானமாகப் பத்துப் பன்னிரண்டு முறை பிரேக் பிடித்துப் புது பேட்டையும் டிஸ்க்கையும் பழக்கினோம்.

வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குச் சூடம் காட்டுவது தம்பியின் வழக்கம். இப்போது அதற்கு முன்னால் குனிந்து நான்கு சக்கரத்துக்கும் டார்ச் அடிக்கிறார். போன வாரம் உள்பக்க பேட் எட்டு மில்லிமீட்டர்.