குடல் சிறுநீர்ப்பையோடு ஒட்டிக்கொண்டால்

சிறுநீரோடு காற்றும் குமிழியிட்டு வருகிறது என்று ஒருவர் சொன்னால், மருத்துவரின் சந்தேகம் பெருங்குடல் பக்கம் திரும்பும். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே கள்ளவழி ஒன்று திறந்திருக்கலாம்.

பெருங்குடல் சுவரில் ரத்தக்குழாய்கள் தசையைத் துளைத்து நுழையும் இடங்கள் பலவீனமானவை. கிழிந்த சைக்கிள் டயரில் ட்யூப் பிதுங்குவதுபோல, அங்கே உட்சவ்வு சிறு பைகளாகப் பிதுங்குகிறது. மேலை நாட்டினருக்குப் பெரும்பாலும் இடப்புறம், மலக்குடலுக்கு மேலுள்ள சிக்மாய்டு வளைவில். ஆசியர்களுக்கு வலப்புறமும் அதிகம். பலருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்கு மட்டும் அழற்சி, சீழ்க்கட்டி, ஓட்டை, அடைப்பு, முதலில் சொன்ன கள்ளவழி என்று முற்றிவிடும்.

அப்போது நோயுற்ற பகுதியை வெட்டியெடுத்து, மேல்குடலை மலக்குடலோடு இணைக்க வேண்டிவரலாம். சிக்மாய்டில் கொஞ்சம் மிச்சம் வைத்து இணைத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். வெட்டுவதைவிடப் பிரிப்பதே பெரும்பாடு. அடிக்கடி புண்பட்டுத் தடித்த குடல், சிறுநீர்ப்பையோடும் இடுப்புச் சுவரோடும் ஒட்டிக்கிடக்கும். இடது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயும் அந்தக் குழப்பத்துக்குள்தான் எங்கோ ஓடுகிறது. அதில் கத்தி பட்டால் வேறொரு வினை. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியின் நீண்ட, விறைத்த கருவிகள் இடுப்புக் குழிக்குள் திணறும். பாதியில் வயிற்றைத் திறக்க நேர்வதும் உண்டு.

இங்கேதான் ரோபோ வருகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது தானாக எதையும் வெட்டாது. கலிஃபோர்னியாவின் இன்டியூட்டிவ் சர்ஜிகல் நிறுவனம் தயாரிக்கும் டா வின்சி, 2000-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அறுவை மருத்துவர் சில அடி தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்துக் கைப்பிடிகளை இயக்குவார். சுமார் 8 மி.மீ. துளைகள் வழியே நுழைந்த கருவிகள் மணிக்கட்டுபோல் வளைந்து திரும்பும். கைநடுக்கம் அவற்றைச் சேராது. இண்டோசயனின் பச்சைச் சாயத்தை ரத்தத்தில் ஏற்றினால், அகச்சிவப்புக்கு அருகான ஒளியில் ரத்தம் ஓடும் குடல் ஒளிரும். ஒளிராத முனையை இணைத்தால் தையல் கசியலாம்.

குறைகளும் உண்டு. செலவும் நேரமும் கூடுதல். பழைய மாடல்களில் தொடு உணர்வே இல்லை. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால்தான் ஊகிக்க வேண்டும். 2024-இல் அனுமதி பெற்ற டா வின்சி 5 இதை ஓரளவு சரிசெய்கிறது. லேப்ராஸ்கோபியோடு ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றில், பாதியில் வயிற்றைத் திறப்பது ரோபோவில் குறைந்திருக்கிறது. ஆனால் சிக்கல் குறைந்த நோயாளிகளே ரோபோவுக்கு வந்திருக்கலாம் என்ற ஐயமும் கூடவே எழுகிறது.

குடல் வெடித்து, வயிறெங்கும் மலம் பரவி, ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் வருபவருக்கு இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டிருக்க நேரமிருக்காது. பெரும்பாலும் வயிற்றைத் திறந்து, கெட்ட பகுதியை நீக்கி, குடல்முனையைத் தற்காலிகமாக வயிற்றுத் தோலில் திறந்துவைக்கும் பழைய முறைதான் கைகொடுக்கும்.