சின்னப் படம் வர ஏன் இத்தனை நேரம்?

ப்ராஜெக்ட் ஃபோட்டோ ஃபோல்டரைத் திறக்கிறோம். படங்களுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள். மேலே பச்சைக்கோடு நத்தை மாதிரி ஊர்கிறது. உடனே "ஃபார்மேட் பண்ணு", "ரேம் மாத்து" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரேம் வாங்கும் காசு நம்மில் பலர் வீட்டில் பல நாள் கூலி. ஃபார்மேட் செய்தால் செமஸ்டர் முழுக்கச் சேர்த்த வேலையும் போய்விடலாம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. ஆகவே மருந்துக்கு முன்னால் நோயைப் பார்ப்போம்.

தம்ப்நெயில் என்றால் என்ன?

கட்டைவிரல் நகம் அளவுப் படம். அதனால் இந்தப் பெயர். 4000 x 3000 அளவு ஃபோட்டோவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அதை 256 x 192 ஆகச் சுருக்கினால் 49,152 புள்ளிகள்தான். அதாவது சுமார் 244 புள்ளிகளை ஒரு புள்ளியாக்க வேண்டும். ஒரு படத்துக்கே இவ்வளவு வேலை என்றால், 500 படத்துக்கு? வீடியோ என்றால் அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுக்கும் வேலை வேறு!

ஆனால் இதை ஒருமுறை செய்தால் போதும். விண்டோஸ் விஸ்டா (2007) முதல், சுருக்கிய படங்களை விண்டோஸ் ஒரே இடத்தில் சேமித்து வைக்கிறது. இதுதான் 'தம்ப்நெயில் கேஷ்'. தினமும் மாவு அரைப்பதில்லை. அரைத்து வைத்த மாவில் தோசை ஊற்றுகிறோம் அல்லவா, அது போலத்தான்.

கேட்க வேண்டிய கேள்வி

முதல் முறை மட்டும் மெதுவா? ஒவ்வொரு முறையும் மெதுவா?

முதல் முறை மட்டும் என்றால் கோளாறே இல்லை. பென்டிரைவில் இருந்தே திறக்காமல், படங்களை ஹார்டு டிஸ்கில் காப்பி செய்துவிட்டுத் திறந்தால் வேகம் கூடும்.

ஒவ்வொரு முறையும் என்றால், அரைத்த மாவை யாரோ கொட்டுகிறார்கள்! வரிசையாகப் பாருங்கள்:

1. 'கிளீனர்' மென்பொருள் இருந்தால், தம்ப்நெயிலை அழிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

2. கேஷே கெட்டுப்போயிருக்கலாம். 'டிஸ்க் கிளீனப்' திறந்து, சி டிரைவைத் தேர்ந்து, 'தம்ப்நெயில்ஸ்' மட்டும் டிக் செய்து அழியுங்கள். ஃபோட்டோக்களுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் புதிதாகச் செய்துகொள்ளும்.

3. பல வகை ஃபைல்கள் கலந்த ஃபோல்டரா? ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கஸ்டமைஸ் போய் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என மாற்றுங்கள்.

4. படமே பார்க்க வேண்டாமா? வியூவில் 'டீட்டெயில்ஸ்' வையுங்கள். படம் இல்லாமல் பெயர்கள் சட்டென்று வரும்.

லேப் கம்ப்யூட்டர் தனிக்கதை. அணைத்துப் போட்டதும் பழைய நிலைக்கே திரும்பும்படி மென்பொருள் போட்டிருந்தால், கேஷும் சேர்ந்து போய்விடும். அங்கே என்ன செய்தாலும் நிற்காது. 'டீட்டெயில்ஸ்' ஒன்றே வழி.

இத்தனையும் பார்த்த பிறகு, மற்ற வேலைகளும் மெதுவாக நடந்தால் மட்டும் ஹார்டு டிஸ்கைச் சந்தேகப்படுங்கள். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி செகண்ட் ஆகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது, அதனால்தான் வேகம். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், அதுவும் கடைசியில்தான்!

என்ன நண்பர்களே, அடுத்த முறை யாராவது "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்றால், "கொஞ்சம் பொறு, முதல் முறையா, ஒவ்வொரு முறையுமா?" என்று கேட்பீர்கள்தானே?