முள்ளம்பன்றி விட்டுவைத்த பல்

பாகான் டாலாமிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “என் மகள் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டாள். டைனோசர் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தொல்லுயிரியலில் முதுகலை வாங்க என்ன தகுதி வேண்டும்?”

தகுதிகளைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. நிலவியல், விலங்கியல், உயிரியல் ஆகியவற்றில் ஒன்றில் நல்ல மதிப்பெண்ணுடன் இளங்கலைப் பட்டம் வேண்டும். ஆய்வை வழிநடத்த ஒப்புக்கொள்ளும் ஒரு பேராசிரியரும், அவர் ஏற்கும் ஆய்வுத் திட்டமும் வேண்டும். பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டு உழைப்பு, ஓர் ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. மலேசியாவில் இந்தப் படிப்புக்கான வழி பெரும்பாலும் நிலவியல் துறைதான். மலாயா பல்கலைக்கழகத்திலும் பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும் அத்துறை உண்டு. பெர்ரி ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மையம் புகழ்பெற்றது. ஆனால் அதன் முதல் அக்கறை மனிதர்களின் கடந்தகாலம்.

இவையெல்லாம் விண்ணப்பப் படிவத்தில் இருப்பவை. பட்டம் உண்மையில் எதைக் கேட்கிறது என்பதைப் பகாங்கிலும் பத்துமலையிலும் கிடைத்த பற்களிலிருந்து பார்ப்போம்.

2014 பிப்ரவரியில், பகாங்கில் டைனோசர் கிடைத்தது என்று நாளிதழ்கள் கொண்டாடின. மலாயா பல்கலைக்கழகத்தின் மசாதோஷி சோனே தலைமையிலான குழு அறிவித்தது ஒரே ஒரு பல்லை. அதன் நீளம் 23 மில்லிமீட்டர். அதன் முன், பின் விளிம்புகளையும் மேற்பரப்பின் வரிகளையும் படித்து, மீனுண்ணும் ஸ்பைனோசர் வகையைச் சேர்ந்தது என்று சொன்னார்கள். சாதனை அந்த வாசிப்பில் இருக்கிறது. செய்திகளோடு வந்த முழு விலங்கின் படம் வரைந்தவரின் ஊகம்.

அதற்கு ஓராண்டு முன்பு வெளியான ஆய்வு ஒன்று அவ்வளவு பேசப்படவில்லை. பத்துமலையிலும் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்குக் குகை ஒன்றிலும் ஒன்பது ஒராங் ஊத்தான் பற்கள் கிடைத்திருந்தன. மிகப் பழையவை 5 இலட்சம் ஆண்டுகளைத் தாண்டியவை. இன்று சுமாத்ராவிலும் போர்னியோவிலும் மட்டுமே வாழும் மனிதக் குரங்கு, தீபகற்பத்திலும் வாழ்ந்தது என்பதற்குக் கிடைத்த முதல் புதைபடிவச் சான்று அது. தைப்பூசத்துக்குப் படியேறும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒன்பதும் பற்களாகவே இருப்பது ஏன்? தென்கிழக்காசியக் குகைகள் பலவற்றிலும் கதை இதுதான்: எலும்பு அரிது, பல் மிகுதி. காரணங்களில் முதன்மையானது முள்ளம்பன்றி.

முள்ளம்பன்றியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. அவற்றைத் தேய்த்தாக வேண்டும். கால்சியமும் பாஸ்பரசும் கிடைத்தாக வேண்டும். காட்டில் கிடக்கும் எலும்பு இரண்டு தேவையையும் தீர்க்கிறது. எலும்பையும் தாடையையும் வளைக்கு இழுத்து வந்து இரவெல்லாம் கொறிக்கிறது. எலும்பு போகிறது, தாடை போகிறது, பல்லின் வேரும் போகிறது. பல்லின் மேற்பூச்சான எனாமலில் வந்து கொறிப்பு நின்றுவிடுகிறது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம் என்றால், எனாமலில் அது 96 விழுக்காடு.

பினாங்கில் தைப்பூச இரதத்துக்காகத் தெருவில் உடைபடும் தேங்காய்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை யாரும் கூட்டி அள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். பருப்பைக் காக்கையும் எலியும் தின்னும், நார் மக்கும், சிரட்டை கிடக்கும். எனாமல் அந்தச் சிரட்டை. சிரட்டையின் உட்புறம் துருவி இழுத்த தடம் வரிவரியாகத் தெரிவதுபோல, கொறித்த எலும்பிலும் வேரிலும் அகன்ற, இணையான கோடுகள் தெரியும். அதைக் கண்டால் கொறித்தது யார் என்று புரியும். இன்னும் ஒரு படி போவோம். ஆயிரம் ஆண்டு கழித்துத் தெருவைத் தோண்டுபவர் சிரட்டைகளை மட்டும் எண்ணி, அன்று வாழைப்பழம் படைக்கவே இல்லை என்று எழுதினால் தவறுதானே? கிடைத்ததை எண்ணுவதற்கு முன், எது அழிந்திருக்கும் என்று கணிக்க வேண்டும். தொல்லுயிரியல் மாணவர் முதலில் பழக வேண்டிய பாடம் இது.

அடுத்தது வயது. குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் யுரேனியத்தைச் சிறிதளவு கரைத்துக் கொண்டுவரும். தோரியம் நீரில் கரைவதில்லை. நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து இறுகியபின் யுரேனியம் சிதைந்து தோரியம் சேர்கிறது. இரண்டின் விகிதமே கடிகாரம். ஏறக்குறைய 5 இலட்சம் ஆண்டுவரை அது ஓடும். பத்துமலைக்கு 40 கோடி ஆண்டு என்று சுற்றுலாக் குறிப்புகள் பெருமையடிக்கின்றன. அது பாறையின் வயது. குகை அதைவிட மிக இளையது; குகைக்குள் வந்துசேர்ந்த பல் இன்னும் இளையது. மூன்றையும் குழப்பாதிருக்க நிலவியல் வேண்டும். எனாமலின் சுருக்கங்களைப் பார்த்து இது ஒராங் ஊத்தான் என்று சொல்ல விலங்கியல் வேண்டும். அளவுகளை இன்றைய குரங்குப் பற்களோடு ஒப்பிடப் புள்ளியியல் வேண்டும்.

வரலாற்றையும் தொட்டுவிடுகிறேன். வட செபராங் பிறையின் குவார் கெப்பா சிப்பி மேடுகள் பலகாலம் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டன. 1934-இல் தொல்லியலாளர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் அங்கே அகழ்ந்தார். அவ்விடத்து எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயின. 2017-இல் அங்கேயே எலும்புக்கூடாகக் கிடைத்த ‘பினாங்குப் பெண்’ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவர். அடுக்கு தெரியாமல் தோண்டிய மண்ணை மறுபடி அடுக்க முடியாது என்பதே இதில் மாணவருக்குரிய செய்தி.

வேலை கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. பல்கலைக்கழகமும் அருங்காட்சியகமும் சில இடங்களே தரும். எண்ணெய்த் துறையில் பாறை அடுக்கின் வயதை அறிய நுண்ணுயிர்ப் படிவங்களும் மகரந்தமும் பயன்படுவதால், அவற்றைப் படித்தவர்களுக்குத் தேவை உண்டு. தமிழ்நாட்டுக்குப் போக விரும்பினால், அரியலூரின் கிரெட்டேசியக் கடற்படிவங்கள் உலகறிந்தவை; அங்கும் வழி நிலவியல் முதுகலைதான்.

அம்மா, உங்கள் மகளைத் தயங்காமல் அனுப்புங்கள். இளங்கலையில் நிலவியலை எடுக்கட்டும், கூடவே விலங்கியல் பாடங்களையும் படிக்கட்டும். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ‘நான் எந்தப் படிவத்தை ஆராயப்போகிறேன், அது இப்போது எங்கே இருக்கிறது?’ என்று பேராசிரியருக்கு எழுதிக் கேட்கட்டும். தெளிவான பதில் தருபவரிடம் சேரட்டும்.