லோகோவோடு நின்றுபோன பெட்டி

மின்சாரம் போய் வந்த பிறகு செட்டாப் பாக்ஸ் லோகோவைக் காட்டியபடியே நிற்கும். பத்து முறை சுவிட்சை அணைத்துப் போட்டாலும் அதே லோகோதான். "போர்டு போச்சு" என்று பலரும் முடிவு கட்டுவது இங்கேதான். பல நேரம் போர்டு நன்றாகவே இருக்கும்.

பெட்டிக்குள் இருப்பது சிறு கணினி. சுவிட்சைப் போட்டதும் சிப்பிலேயே பதிந்த சிறு நிரல் எழுந்து, பிளாஷ் நினைவகத்திலிருந்து பூட்லோடரை எடுத்துவரும். பூட்லோடர் ராமைத் தயார்படுத்தி, லினக்ஸ் கெர்னலை அதில் ஏற்றும். கெர்னல் தன் கோப்புகளைக் கண்டுபிடித்த பிறகே சேனல் வரும். அப்டேட் பாதியில் மின்சாரம் போனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிடலாம்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை நினைத்துப் பாருங்கள். லீவர் பூட்டில் ஒரு லீவர் சிக்கினாலும் சாவி திரும்பாது. சிக்கியது எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. இங்கும் அதே கதை. போர்டின் ஓரத்தில் பெரும்பாலும் நாலைந்து துளைகள் வரிசையாக இருக்கும். அதுதான் சீரியல் போர்ட். டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் என மூன்று கம்பிகளை யுஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக லேப்டாப்பில் இணைத்தால், பெட்டி தான் செய்வதை வரிவரியாகச் சொல்லும். வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 1,15,200 பிட். பல போர்டுகளுக்கு 3.3 வோல்ட் கன்வர்ட்டர்தான் ஏற்றது. 5 வோல்ட் பட்டால் சிப்பே போகலாம்.

ஒரு வரியும் வராவிட்டால் மின்வழங்கலையும் பூட்லோடரையும் பார்க்க வேண்டும். 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்றதோடு மௌனமா? கெர்னல் செத்துவிட்டதாகப் பொருளில்லை. அது வேறு போர்ட்டில் பேசிக்கொண்டிருக்கலாம். போர்டின் உறுப்புகளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பு மாறியிருக்கலாம். பூட் கட்டளையில் 'எர்லிகான்' என்று சேர்த்தால் கெர்னல் முன்னதாகவே வாய் திறக்கும்.

செவ்வாய்க் கோளிலும் இப்படி ஒரு பூட் சிக்கல் வந்தது. 2004 ஜனவரி 21 அன்று நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி தடுமாறியது. பிளாஷில் கோப்புகள் பெருகி, அவற்றைக் கையாள ராம் போதாமல், 60 தடவைக்கு மேல் ரீபூட் ஆனது. பிளாஷைத் தொடாமல் எழும்படி பூமியிலிருந்து கட்டளை போனது, எழுந்தது. பிறகு பிளாஷைத் துடைத்துச் சரிசெய்தார்கள். 90 செவ்வாய் நாள்களுக்குத் திட்டமிட்ட ஸ்பிரிட் 2010 மார்ச் வரை பேசியது.

சென்னை ஐஐடி வடிவமைத்த சக்தி சிப்பில் 2018இல் லினக்ஸ் எழுந்தது. நம் நாட்டுச் சிப்புகள் பெருகும்போது அவற்றை எழுப்பத் தெரிந்த கைகளும் வேண்டும். திண்டுக்கல் பாலிடெக்னிக் மாணவர்களே, வீட்டில் கெட்டுப்போன வைஃபை ரூட்டரை எடைக்குப் போடும் முன் மூன்று கம்பி இணைத்து அது என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.